கிடப்பில் போட்ட கனவுகள் - 9: அறுபது வயதுக் கோடு

2018 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை. ஆலப்புழை மாவட்டத்தில் ஹரிப்பாடு பக்கம், கணிச்சநல்லூர் அரசு தொடக்கப் பள்ளியில் பரீட்சை. எழுத வந்தவர்கள் பாட்டிகளும் தாத்தாக்களும். அவர்களில் ஒருவர் கார்த்தியாயினி அம்மா, வயது 96. வாழ்க்கையில் அவர் எழுதும் முதல் பரீட்சை அது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் மெல்லக் கழுத்தை நீட்டி இவருடைய தாளை எட்டிப் பார்க்க, யாரோ அதைப் படமெடுத்துவிட்டார்கள். படம் கேரளம் முழுக்கச் சுற்றியது. பின்னர் கேட்டவர்களிடம், தான் யாரையும் பார்த்து எழுதவில்லை, மற்றவர்களைத்தான் பார்த்து எழுத விட்டதாகப் பெருந்தன்மையோடு சொன்னார் அம்மா.

இடையில் பெருவெள்ளம் வந்து ஆலப்புழையையே புரட்டிப்போட்டது. முடிவு வெளியாக அக்டோபர் கடைசி ஆயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வாசிப்பில் முப்பதுக்கு முப்பது, கணக்கில் முப்பதுக்கு முப்பது, எழுத்தில் மட்டும் இரண்டு மதிப்பெண் குறைவு. மாநிலத்திலேயே முதலிடம். இவ்வளவு சுலபமாகக் கேட்பார்கள் என்று தெரியாமல் வீணாக நிறையப் படித்துவிட்டேனே என்று அவர் அலுத்துக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. முதலமைச்சர் பினராயி விஜயன் சான்றிதழ் கொடுத்தார். கம்ப்யூட்டர் கற்க ஆசை என்று அம்மா சொல்லிவைக்க, சில நாட்களில் கல்வி அமைச்சர் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். ஆனால் 2018-இல் மார்க்கம் கண்ட அந்த மனம், அதற்கு முந்தைய தொண்ணூறு வருடங்கள் எங்கே இருந்தது?

சேப்பாடு கிராமத்தில்தான் இருந்தது. சுற்றுவட்டாரக் கோயில்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, பிறர் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டு, கணவர் போன பிறகு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு. பள்ளிக்கூடம் போனதே இல்லை. தினமும் சாமி சந்நிதியில் நின்ற பெண்மணிக்கு நம்பிக்கைக்கு என்ன குறை? அது இருந்தது. எழுத்து மட்டும் வரவில்லை.

வந்ததற்குக் காரணம், எனக்குத் தெரிந்தவரை, அவருடைய மகள். அறுபது வயதை ஒட்டிய காலத்தில் அந்த மகள் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதித் தேறினார். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி, அதுவும் தன் வயிற்றில் பிறந்தவள், அந்த வயதில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கும் ஆசை துளிர்த்தது. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். கேரளத்தில் ‘பிரேரக்’ என்று அழைக்கப்படும் எழுத்தறிவு ஊழியர்கள் தேடி வந்தார்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் உதவுகிறது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர் அவர். நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து ஜெயித்த அனுபவம் எல்லாவற்றிலும் வலுவானது. அடுத்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைக் கண்ணால் பார்ப்பது. மூன்றாவதுதான் பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை. நான்காவது, அந்த நேரத்து உடல்நிலை, மனநிலை. தன்னம்பிக்கைப் புத்தகங்களும் மேடைப் பேச்சுகளும் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே வைத்துப் பிழைப்பவை. (இந்தத் தொடரும் அந்தப் பட்டியலில்தான் வரும் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.) இரண்டாவதன் வலு நம் ஊரிலும் தெரிந்ததுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. கல் குவாரிப் பெண்கள்கூட சைக்கிள் ஓட்டினார்கள். ‘உன்னால் முடியும்’ என்று ஆயிரம் முறை கேட்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரி சைக்கிளில் போவதை ஒருமுறை பார்ப்பது பெரிதென்று அந்த மாவட்டத்துக்கு அப்போதே தெரிந்திருந்தது.

நல்லெண்ணப் புத்தகங்களை நான் கேலி செய்யவில்லை. எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ படித்து நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் என்ற பாதிரியார் 1952-இல் கடவுள் நம்பிக்கையையும் நேர்மறைச் சிந்தனையையும் பிணைத்து எழுதிய நூல் உலகம் முழுக்க விற்றது. சோர்ந்து கிடப்பவரை எழுப்பி உட்காரவைக்க அவற்றால் முடியும். சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. கேப்ரியல் ஊட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர், உடல் எடையைக் குறைக்கச் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்து 1991-இல் முடிவை வெளியிட்டார். தன்னால் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே குறைத்தார்கள். ஒல்லியாகிவிட்டதாகவே இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் குறைத்தார்கள். பிறகு கல்லூரி முடிக்கும் மாணவர்களிடம் ஆராய்ந்தபோதும் இதே கதை. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அதிகம் கனவு கண்டவர்களுக்கு வேலை அழைப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. மனதுக்குள்ளேயே ஒருமுறை ஜெயித்துவிட்டால், நிஜத்தில் ஓடக் கால் எழுவதில்லை. அதனால் அவர் ஆசையோடு கூடவே குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்கச் சொல்கிறார். தடை இன்னது என்று பெயர் சொல்லி, அது வந்தால் என்ன செய்வேன் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறார்.

அப்படியென்றால் கார்த்தியாயினி அம்மாவின் தடை என்ன? வறுமை, வேலை, பிள்ளைகள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. 1990-இல் எர்ணாகுளம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற மலப்புறத்துப் பெண்மணி சேலக்கோடன் ஆயிஷா, கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார். மகத்தான இயக்கம், சந்தேகமில்லை. ஆனால் அந்த இயக்கம் கணக்கில் எடுத்தது 5 முதல் 60 வயது வரை உள்ளவர்களை. அன்று கார்த்தியாயினி அம்மா அறுபதுகளின் கடைசியில் இருந்தார். மாநிலமே எழுத்தறிவு பெற்றுவிட்டதாகக் கொண்டாடிய நாளில், அவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஆளும் பணமும் அளவோடு இருக்கும்போது எங்காவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் குற்றம் காண முடியாது. என்றாலும் ‘இந்த வயசுல எதுக்கு?’ என்று நாம் வீட்டில் கேட்கும் கேள்விக்கு ஓர் அரசாங்க வடிவமும் உண்டு என்பது கவனிக்க வேண்டியது. 2018-இல் ‘அட்சரலட்சம்’ என்ற எழுத்தறிவுத் திட்டம் வந்தபோதுதான் அந்தக் கோடு அழிந்தது. அம்மா எழுதிய அந்தத் திட்டத்தின் பரீட்சையை 40,000 பேருக்கு மேல் எழுதினார்கள் என்றால், எத்தனை ஆசைகள் வாசலிலேயே காத்திருந்தன என்று பாருங்கள்.

கொல்லம் மாவட்டம் பிராக்குளத்தின் பாகீரதி அம்மா இன்னும் மூத்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். முப்பது வயதுகளில் கணவரும் போனார், கையில் ஆறு பிள்ளைகள். 2019 நவம்பரில், 105 வயதில் நாலாம் வகுப்புச் சமநிலைத் தேர்வை எழுதினார். பள்ளிக்கு வர முடியவில்லையா, சரி, வீட்டிலேயே எழுதட்டும். வேகமாக எழுத வரவில்லையா, மூன்று நாள் எடுத்துக்கொள்ளட்டும். மலையாளம், கணக்கு, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்த்து 275-க்கு 205 வாங்கினார். ஊட்டிங்கன் சொன்ன ‘தடைக்கு ஒரு வழி’ இங்கே மாணவியின் தலைக்குள் மட்டும் இருக்கவில்லை, தேர்வு நடத்தியவர்களிடமும் இருந்தது. அதே அம்மாவுக்கு அப்போது ஆதார் அட்டை இல்லாததால் விதவை ஓய்வூதியம் வரவில்லை என்பதையும் அவரைப் பற்றிய செய்திகளில் படித்தேன். பரீட்சைக்குக் கிடைத்த தளர்வு பென்ஷனுக்குக் கிடைக்கவில்லை. நல்லெண்ணத்தால் ஆதார் வராது.

கென்யாவின் கிமானி மருகேயைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பிரிட்டிஷாரை எதிர்த்த மாவ் மாவ் போராளி. 2004 ஜனவரியில், 84 வயதில், எல்டோரெட் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் முதல் வகுப்பில் சேர்ந்தார். பேரப்பிள்ளைகள் படித்த அதே பள்ளி. அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை காலுறையும் போட்டுக்கொண்டு வந்தார். ஏன் படிக்க வந்தீர்கள் என்றால், பைபிளைத் தானே படிக்க வேண்டும் என்றார். பாதிரியார் உள்ளபடி சொல்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம்! இந்தப் பக்தியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்பிக்கை அவரைக் கைகூப்பி உட்காரவைக்கவில்லை, எழுத்துக்கூட்ட வைத்தது. ஆனால் அவர் 84 வயது வரை ஏன் காத்திருந்தார்? 2003-இல்தான் கென்யா தொடக்கக் கல்விக்கான கட்டணத்தை ரத்து செய்தது. 2005-இல் முதன்முறையாக விமானம் ஏறி நியூயார்க் போய், ஐ.நா.வில் இலவசக் கல்வி பற்றிப் பேசினார். 2008 தொடக்கத்தில் தேர்தல் கலவரம் அவரை முகாமுக்கு விரட்டியபோதும் பள்ளிக்கு நடந்தே போய் வந்தார். 2009-இல் புற்றுநோயால் இறந்தார்.

உங்கள் வீட்டில், ‘எட்டாவதோட நிறுத்திட்டாங்க’ என்று சொல்லும் அம்மாவோ அத்தையோ இருந்தால் இரண்டு தகவல்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயதுதான் உண்டு, உச்சவரம்பு கிடையாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்புகளுக்கும் வயது தடையில்லை. விண்ணப்பத்தை நீங்களே எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். முடிந்தால் நீங்களும் ஏதாவது ஒன்றுக்குச் சேருங்கள். சேப்பாட்டில் அப்படித்தான் தொடங்கியது.

அடுத்த வாரம் அமெரிக்காவுக்குப் போகிறோம். மூட்டுவலியால் ஊசி பிடித்துத் தைக்க முடியாமல், எழுபது வயதுகளின் பிற்பகுதியில் தூரிகையைக் கையிலெடுத்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பாட்டியைப் பார்க்க.

(தொடரும்)