ஊர்ப் பணத்தில் எழுந்த டவுன் ஹால்கள்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மேல வெளி வீதியில் இருக்கும் விக்டோரியா எட்வர்டு மன்றம், பகலில் வாசகசாலையாகவும் மாலையில் ஆங்கிலப் படம் ஓடும் ரீகல் டாக்கீஸாகவும் இயங்கியது. ஒரே கூரையின் கீழ் நூலகமும் சினிமாவும் நடந்ததுதான் அந்தக் கட்டடத்தின் தனிச் சிறப்பு. ஆங்கிலேயர் காலத்தில் தமிழகத்தில் எழுந்த டவுன் ஹால்களில் பல, ஊர்ப் பெரியவர்கள் நன்கொடை திரட்டிக் கட்டியவை. எனவே அவற்றைப் பழுது பார்ப்பதும் ஊரின் பொறுப்பாகவே கருதப்பட்டது.

சென்னை விக்டோரியா பொது மண்டபத்தின் கதை இதை விரிவாகக் காட்டுகிறது. நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882 மார்ச்சில் பச்சையப்பன் மண்டபத்தில் பிரமுகர்கள் கூடி, நிதி திரட்ட 12 பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். மாநகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் தந்தது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது, மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டவரும் இதே சிஷோம்தான். மகாலில் பின்னர் நீண்ட காலம் நீதிமன்றங்கள் நடந்தன. பாழடைந்த அரண்மனை தப்பியதற்கு அந்தப் புழக்கமும் ஒரு காரணம்.

சென்னை மண்டபத்திலும் புழக்கத்துக்குக் குறைவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897இல் விவேகானந்தர் பேசினார். குத்தகை முடிந்தபின் மண்டபத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்கு இழுத்தது. மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' போன்ற இதழ்களும் மரபு ஆர்வலர்களும் விடாமல் எழுதியும் கேட்டும் வந்ததால்தான் அது மறக்கப்படவில்லை. கடைசியில் மாநகராட்சியே 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் சீரமைப்பை மேற்கொண்டது.

இத்தகைய வேலையில் அவசரம் ஆபத்தானது. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. உறிஞ்சிய ஈரத்தை அவை மெல்ல வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு பூக்கும், செங்கல் பொடிந்து உதிரும். அதனால் முதலில் சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுப்பார்கள். கூரை ஒழுக்கை அடைத்து, சுவரில் வேர்விட்ட ஆலையும் அரசையும் வேரோடு களைவார்கள். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பல அடுக்காகப் பூசுவார்கள். ஒவ்வோர் அடுக்கும் நின்று காய வேண்டும். இந்தக் கைப்பக்குவம் தெரிந்த கொத்தனார்கள் இன்று அரிது. பணம் சேர்ந்தபின்னும் பல ஊர்களில் வேலை காத்திருப்பது அவர்களுக்காகத்தான்.