கண்டு ஓடுதலும் காணாது ஓடுதலும்

கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களை எம் தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள். மூட்டைகளும் கடகங்களும் மனிதரும் நெருங்கிய அவ்வண்டியைச் சாரதியார் மழையிலும் இருளிலும் தளர்வின்றி ஓட்டிச் செல்வார். எந்த முடக்கிலே மதகு உண்டு, எந்த வேலி வீதிக்குள் நீண்டு நிற்கும், எவ்விடத்தில் மாடு குறுக்கிடும் என்பன யாவும் அவருக்கு மனப்பாடம். பின்புறத்தே தொங்கி நிற்கும் நடத்துநர் வண்டியின் உடலிலே தட்டி ஓசை எழுப்புவார்; அவ்வோசையின் பொருளைச் சாரதியார் திரும்பிப் பாராமலே உணர்வார். வீதியை முன்னரே அறிந்திருத்தல், அறிந்ததை மற்றொருவர் வாயிலாகக் கேட்டு நடத்தல் ஆகிய இவ்விரண்டுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. எம் மாணவர் தம் மன்றத்திலே ஒரு விவாதம் நடத்தினர். மோட்டார் ராலியில் ஓடுவோர் வழியை முன்னதாகச் சென்று பார்த்து, குறிப்பெழுதி வைத்துக்கொண்டு ஓடுதல் முறையா என்பது தலைப்பு. ராலிப் படங்களைக் கைத்தொலைபேசியிற் கண்டு களிக்கும் பிள்ளைகள் தாமே தெரிந்தெடுத்த தலைப்பு அது. “பரீட்சை மண்டபத்துக்குத் துண்டு கொண்டுபோவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?” என்று கேட்டான் ஒருவன். மண்டபம் கைகொட்டி ஆர்த்தது. நடுவராக அமர்ந்திருந்த நாமும் அவன் பக்கத்துக்கே வெற்றியை அளித்தோம். வீடு திரும்பிய பின்னர் அத்தீர்ப்பு எம் மனத்தை உறுத்தலாயிற்று. பொருளை அறியாமல் சொல்லின் அழகுக்குத் தீர்ப்பளித்துவிட்டோமோ என்னும் ஐயம் எழுந்தது. அதன்பின் நாம் தேடி அறிந்தவற்றை இங்கே வைக்கின்றோம்.

ராலி என்பது ஒரு வட்டத் தளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் ஓட்டம் அன்று. நாட்டுப்புறத்து வீதிகளைச் சில மணி நேரம் மூடி, சில கிலோமீற்றர் முதல் இருபது முப்பது கிலோமீற்றர் வரையான பகுதிகளாக வகுத்துக்கொள்வர். ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டம் எனப்படும். வண்டிகள் ஒருங்கே புறப்படுவதில்லை. சில நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாய்ப் புறப்படும். ஒரு கட்டம் முடிந்து மறு கட்டத்துக்குச் செல்லும் பொதுவீதியிலே, ஏனையோரைப் போலவே வீதிச் சட்டத்துக்கு அமைந்து செல்லல் வேண்டும். எல்லாக் கட்டங்களிலும் எடுத்த நேரத்தைக் கூட்ட, யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே வென்றவர். வண்டியிலே இருவர் இருப்பர். ஒருவர் சாரதி, மற்றவர் துணைச்சாரதி. துணைச்சாரதி வண்டியை ஓட்டுவதில்லை, வழியைச் சொல்லுகின்றார்.

போட்டிக்கு ஓரிரு நாள் முன்னதாக இருவரும் சாதாரண வண்டியொன்றில் அக்கட்டங்களுக்குச் சென்று மெதுவாக ஓட்டிப் பார்ப்பர். இதனை ‘ரெக்கி’ என்பர். நாம் வழிநோட்டம் எனலாம். முதன்முறை சாரதி கண்டதைச் சொல்லத் துணைச்சாரதி எழுதுவார். இரண்டாம் முறை துணைச்சாரதி வாசிக்கச் சாரதி திருத்துவார். இவ்வாறு உருவாகும் ஏடே ‘பேஸ் நோட்’ எனப்படும் வேகக் குறிப்பு. கோயம்புத்தூரை அடுத்த கேத்தனூர்க் காற்றாலைப் பகுதியின் மண்வீதிகளில் ராலி நடைபெறும்பொழுதும், உலகச் சம்பியன் பட்டத்துக்குரிய பெரிய ராலிகள் ஐரோப்பாவில் நடைபெறும்பொழுதும் முறை இதுவே.

குறிப்பின் இயல்பை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். “எழுபது, வலம் மூன்று, மேட்டின்மேல், உள்ளே கல், உடனே இடம் ஐந்து” எனத் துணைச்சாரதி வாசிக்கின்றார் என்க. எழுபது மீற்றர் நேரே சென்றபின் வலப்புறமாக ஓர் இறுக்கமான முடக்கு வரும். அது மேட்டின் உச்சியில் இருத்தலாற் கண்ணுக்குப் புலப்படாது. அதன் உட்கரையிற் கல் கிடத்தலின் ஒட்டி வெட்டலாகாது. அது முடிந்தவுடன் இடப்புறமாக ஓர் இளமுடக்கு வரும் என்பது பொருள். பெரும்பாலோர் முடக்குகளை 1 முதல் 6 வரை எண்ணிட்டு, மிக இறுகியதை 1 என்றும் மிக விரிந்ததை 6 என்றும் கொள்வர். இதனைத் தலைகீழாகக் கொள்வாரும் உளர். சில எழுத்திலே பல பொருளை அடக்கிக் கூறுதல் சூத்திரத்துக்கு இலக்கணம் என்று நாம் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். வேகக் குறிப்பும் ஒரு சூத்திரமே. நன்னூலைப் படிப்போர்க்கு உரையைப் பார்க்க நேரம் உண்டு. இதனைக் கேட்போர்க்கோ ஒரு வினாடியும் இல்லை.

இம்முறையை உலகறியச் செய்தது 1955 ஆம் ஆண்டிலே இத்தாலியில் நடைபெற்ற ‘மில்லே மிலியா’ ஓட்டம். பிரெஷியாவிலிருந்து உரோமாபுரி சென்று மீளும் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் வழி அது. ஆங்கிலேயராகிய ஸ்டேர்லிங் மொஸ் சாரதியாகவும், பத்திரிகையாளரான டெனிஸ் ஜென்கின்சன் துணைவராகவும் மேர்சிடிஸ் பென்ஸ் வண்டியில் ஓடினர். காலை 7.22 க்குப் புறப்பட்ட அவ்வண்டியின் இலக்கமும் 722 ஆகும். இருவரும் முன்னரே வழியெங்கும் ஓடிப் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தனர். ஏறக்குறைய 18 அடி நீளமான தாட்சுருளை ஒரு பெட்டியுள் அடைத்து, அதனை உருட்டி உருட்டிப் படித்தார் ஜென்கின்சன். இயந்திரத்தின் பேரொலியிற் சொல் கேளாதாகையாற் கைச்சைகையாலேயே அறிவித்தார். 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் அவர்கள் வழியை முடித்தனர். சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 157 கிலோமீற்றர். இத்தாலிய வீதிகளைத் தம் உள்ளங்கைபோல் அறிந்த இத்தாலியரை அந்நியர் இருவர் ஒரு தாட்சுருளின் துணையுடன் வென்றனர்.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். குறிப்பை மறுப்போர் கூறுவன வெறுஞ்சொற்கள் அல்ல.

முதலாவது, காணாத வீதியைக் கண்டவுடன் கணித்து ஓட்டுதலே சாரதியின் உண்மைத் திறம் என்பர். பிரித்தானியாவின் ஆர். ஏ. சி. ராலி 1960 ஆம் ஆண்டு முதல் காட்டுவீதிகளிற் புகுந்தது. அங்கே வழி இரகசியமாக வைக்கப்பட்டது, வழிநோட்டம் இல்லை. மண்வீதியிலும் பனிவீதியிலும் பழகிய வட ஐரோப்பியர் அங்கே சிறந்து விளங்கினர். சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சன் 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றார். பனைமர நிழல் விழும் விதத்தையும், வேலி வளையும் போக்கையும் கொண்டே ஒழுங்கையின் முடக்கை அறியும் எம்மூர்ச் சைக்கிளோட்டிகளுக்கு அத்திறத்தின் அருமை புரியும்.

இரண்டாவது, வழிநோட்டத்துக்குப் பணம் வேண்டும். கட்டுப்பாடு இல்லாதவிடத்துச் செல்வமுள்ள குழு வாரக்கணக்காகத் தங்கி ஓடிப் பார்க்கும். ஏழைக் குழு ஒருமுறை பார்த்துத் திரும்பும். மூன்றாவது, வீதியோரத்துக் குடிமக்களுக்கு அதனால் தொல்லை உண்டு. நான்காவது, வழி தெரிந்தவன் வேகமாக ஓடுவான். வேகம் மிக, ஆபத்தும் மிகும். மில்லே மிலியாவிலேயே 1957 ஆம் ஆண்டில் ஒரு வண்டி தடம் புரண்டு, அதில் இருந்த இருவரும் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் மாண்டனர். அத்துடன் அவ்வோட்டம் பழைய உருவில் முடிவுற்றது.

இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி நிற்கின்றது. வழிநோட்டத்தைத் தடுத்தால் வழியறிவு ஒழிந்துவிடுமா? ஒழியாது, அது சிலரிடம் மாத்திரம் தங்கிவிடும் என்பதே எம் முடிபு.

கிழக்காபிரிக்கச் சபாரி ராலியைப் பாருங்கள். அது 1953 ஆம் ஆண்டில், எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டித் தொடங்கியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற சாரதிகள் பலர் சென்றும், 1972 ஆம் ஆண்டு வரை வெளிநாட்டார் ஒருவரும் அங்கே வெல்லவில்லை. அவ்வாண்டிலே பின்லாந்து நாட்டு ஹன்னு மிக்கோலா வென்று அவ்வரணை உடைத்தார். அதற்கு முன் வென்றவருள் 1965 ஆம் ஆண்டின் வெற்றியாளர் ஜோகிந்தர் சிங், கென்யாவிலே பிறந்த சீக்கியர். அவர் திறமையை நாம் குறைத்துரைக்கவில்லை. 1974 இலும் 1976 இலும் அவர் மீண்டும் வென்றார். ஆயினும் எந்த ஆறு எம்மழையிற் பெருகும், எந்த மண் எவ்வாறு வழுக்கும் என்பதைப் பிறந்த மண்ணிலே பயின்றவருக்கு அவ்வறிவு ஒரு பெருந்துணையே அன்றோ? உள்ளூரார் நெஞ்சிலே வேகக் குறிப்பு எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் பறிமுதல் செய்ய எந்த விதியாலும் இயலாது. வெளியூரானுக்கு அதனை ஈடுசெய்யும் ஒரே வழி தாளும் பென்சிலுமே.

ஆர். ஏ. சி. ராலியிலும் 1990 ஆம் ஆண்டிலே வேகக் குறிப்புக்கு இடமளித்தனர். அவ்வாண்டில் வென்றவர் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் சைன்ஸ். காட்டுவீதிகளில் ஓடத் தொடங்கிய காலம் முதல் பிரித்தானியரும் வட ஐரோப்பியரும் மாத்திரமே வென்றுவந்த ராலியிலே தென் ஐரோப்பியர் ஒருவர் அப்பொழுதுதான் வென்றார். ஓராண்டின் நிகழ்ச்சியாற் சட்டம் வகுக்கலாகாது. ஆயினும் அது சிந்திக்கத்தக்கது.

ஆபத்தைப் பற்றிய வாதத்துக்கும் இரு முனைகள் உண்டு. குறிப்பு வேகத்தைக் கூட்டும் என்பது உண்மை. மேட்டுக்கு அப்பால் வீதி திரும்புகின்றது என்பதை முன்னரே சொல்லி உயிரைக் காப்பதும் அதுவே. மொன்ரி கார்லோ ராலியிலே, கட்டம் தொடங்குமுன் வேறொரு குழு சென்று எவ்விடத்தில் பனி உறைந்திருக்கின்றது என்று பார்த்துச் சாரதியின் குறிப்பிலே திருத்தம் செய்வது வழக்கம். ஆயினும் குறிப்பிலே கல் எழுதப்படும், மதகு எழுதப்படும், மனிதர் எழுதப்படார். இந்தியாவின் ராஜஸ்தானத்தில் 2019 செப்டெம்பரில் நடைபெற்ற ராலியொன்றிலே, மூடப்பட்டிருந்த கட்டத்தினுள் ஒரு மோட்டார்ச் சைக்கிள் புகுந்தது. வேகமாக வந்த போட்டி வண்டியோடு மோதுண்டு, ஒரே குடும்பத்தார் மூவர் உயிரிழந்தனர். எவ்வளவு நுட்பமான குறிப்பும் அவர்களைக் காட்டியிராது. ஆகவே வழிநோட்டம் சாரதிக்கு மட்டும் உரியதன்று, நடத்துவோருக்கும் உரியது. எந்த ஒழுங்கை வந்து வீதியிற் சேருகின்றது, யாருடைய வீட்டு வாசல் அங்கே திறக்கின்றது, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்பவற்றை அவர்கள் நடந்து பார்த்தல் வேண்டும். அங்குள்ள ஒவ்வொரு வீட்டாருக்கும் நாளையும் நேரத்தையும் நேரிற் சொல்லல் வேண்டும்.

அங்ஙனமாயின் கட்டில்லாத வழிநோட்டமே தகுமோ? தகாது. உலகச் சம்பியன் பட்டத்துக்குரிய ராலிகளில் இன்று உள்ள விதி நடுவழியாக அமைந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்தையும் இருமுறை மட்டுமே பார்க்கலாம். விதித்த வேகத்தை மீறலாகாது. மீறியவரை வண்டியிற் பொருத்திய கருவி காட்டிக்கொடுக்கும். இதனாற் செல்வனும் ஏழையும் ஓரளவு ஒப்பாகின்றனர். குடிமக்களுக்கும் தொல்லை குறைகின்றது. வட அமெரிக்காவிலே இன்னொரு முறையும் கையாளப்பட்டது. ‘ஜெம்பா’ என்னும் சுவீடன் நாட்டு முறைப்படி, கருவி பொருத்திய வண்டியால் வழியை அளந்து, நடத்துவோரே எல்லோருக்கும் ஒரே குறிப்பை வழங்கினர். பணமில்லாத சிறு குழுக்களுக்கு அஃது ஏற்றது.

காணாது ஓடும் திறத்துக்கும் இடம் இல்லாமற் போகவில்லை. பாலைவன ஓட்டமாகிய டாக்கார் ராலியில் வழிநோட்டம் கிடையாது. வழிநூல் ஒன்றே தரப்படும். முன்னாளில் அதனை முதல்நாள் மாலையிலே கொடுத்தனர். செல்வக் குழுக்கள் இரவிரவாகப் படங்களை ஆராய்ந்து அதனை நிரப்பின. 2020 தொடக்கம் இவ்வழக்கத்தை மாற்றி, புறப்படுவதற்குச் சற்று முன்னர் கொடுக்கத் தலைப்பட்டனர். அவ்வோட்டத்திலே 2024 ஆம் ஆண்டில், கேரளத்து ஹரித் நோவா மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத்தின் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றார். அவர் ஓடியது தமிழ்நாட்டு ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் பங்குகொண்ட குழுவிலாகும். எனவே கண்டு ஓடுதல் ஒரு கலை, காணாது ஓடுதல் மற்றொரு கலை. ஒன்றை உயர்த்த மற்றொன்றை இகழவேண்டியதில்லை. மரங்களும் வீடுகளும் நெருங்கிய குறுகிய வீதியில் முன்னதே தக்கது. பரந்த வெளியிற் பின்னதும் தகும்.

இனி அம்மாணவனுடைய கேள்விக்கு வருவோம். துண்டிலே விடை இருக்கும். அதனை எழுதியவன் பெரும்பாலும் வேறொருவன். வேகக் குறிப்பிலே விடை இல்லை. வரப்போகும் வினா மட்டுமே உண்டு. விடையை அக்கணத்திலே கையும் காலுமே எழுதவேண்டும். மேலும் அக்குறிப்பு அவர்கள் தாமே உழைத்து எழுதியது. ஒருவருடைய ‘மூன்று’ மற்றொருவருக்கு ‘நான்கு’ ஆகலாம். ஆதலின் பிறர் குறிப்பைத் திருடியும் பெரும்பயன் இல்லை. அது பார்த்தெழுதுதல் அன்று. பாடத்தை முன்னரே படித்துவிட்டு வகுப்புக்கு வருதலாகும்.

எனவே அன்று நாம் வழங்கிய தீர்ப்பை இன்று திருத்திக்கொள்கின்றோம். எல்லோர்க்கும் ஒரே அளவாய், குடிமக்களுக்கு இடையூறின்றிச் செய்யப்படும் வழிநோட்டம் முறையானதே. கைதட்டலைப் பெற்ற அம்மாணவன் எம்மோடு மனம் கோணான் என நம்புகின்றோம். படியாமல் மேடையேறியவன் அவன் மட்டும் அல்லன். நடுவரும் அவ்வாறே அமர்ந்திருந்தார். வழியைப் பாராது வண்டி ஓட்டிய பிழை எம்முடையது.