எலும்பு சொல்லும் கதை: பேராக் மனிதன்

பிரிக்பீல்ட்ஸில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். தலையைத் திருப்பும் கழுத்துத் தசை பற்றிக்கொள்ளும் இடம் அது.

பெரியவர்களின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உண்டு. எதுவுமே வழவழப்பான குச்சி அல்ல. மேடுகளில் தசைநார் ஒட்டியிருக்கும். குழிகளில் மூட்டு பொருந்தும். துளைகள் வழியே நரம்பும் இரத்தக் குழாயும் போகும். காதோர மேடு பெரும்பாலும் ஆணுக்குப் பெரியது. பெண்ணின் இடுப்பெலும்பு பிரசவத்துக்கு ஏற்ப அகன்றது. மண்ணில் கிடைக்கும் எலும்பு யாருடையது என்று ஆய்வாளர்கள் கணிப்பது இத்தகைய அடையாளங்களை வைத்துத்தான்.

1991இல் பேராக், லெங்கோங்கில் உள்ள குனோங் ருந்து குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு ஓர் ஆணின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தது. வயது 10,000 ஆண்டுகளுக்கும் மேல். 'பேராக் மனிதன்' என்று பெயரிட்டார்கள்.

அவருடைய இடது கை விரலின் நடு எலும்பு பிறவியிலேயே குட்டை. வேட்டையாடிப் பிழைத்த காலத்தில் அது பெரிய குறைதான். ஆனாலும் நடு வயதுவரை வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, கல் கருவிகளும் உணவும் வைத்து மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள்.

குறையோடு பிறந்த பிள்ளையை உறவினர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. அந்தக் குகைவாசிகள் அப்படிச் செய்யவில்லை.