வியன்னாவும் கண்டியும்

சரித்திரத்திலே சில ஆண்டுகள் இரட்டைப் பிள்ளை பெற்றவை. 1815ஆம் ஆண்டு அத்தகையது.

அவ்வாண்டில் ஐரோப்பிய வல்லரசுகள் வியன்னா நகரிற் கூடி, போலந்தின் ஒரு பகுதியை இராச்சியமாக்கி, உருசியச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாந்தரின் முடியின்கீழ் வைத்தன. அதற்குத் தனி அரசியல் யாப்பு, தனி மன்றம், தனிப்படை ஆகியன அளிக்கப்பட்டன.

அதே ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கண்டியிலே தேசாதிபதி பிரௌன்றிக்கும் மலைநாட்டுப் பிரதானிகளும் உடன்படிக்கை செய்தனர். ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் அரசிழந்தான். நாடு பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. பிரதானிகளின் உரிமைகளும் நாட்டு வழமைகளும் பௌத்த சமயமும் பேணப்படும் என எழுதப்பட்டது. அவ்வாண்டு கண்டிமேற் சென்ற படைகளுள் ஒன்று எமது திருகோணமலையிலிருந்தே புறப்பட்டது.

பின் நிகழ்ந்தவையும் ஒத்தனவே. கண்டியில் 1817இற் கிளர்ச்சி எழுந்தது. 1818 நவம்பர் 21ஆம் நாட் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. 1833இல் மலைநாட்டின் தனி நிருவாகமே மறைந்தது. வார்சோவில் 1830 நவம்பரிற் கிளர்ச்சி எழுந்தது; 1832இல் யாப்பும் மன்றமும் தனிப்படையும் போயின.

"கிளர்ந்தமையாலன்றோ இழந்தனர்?" என என் மாணாக்கர் வினவுவர். கிளர்ச்சிக்கு முன்னரே வாக்குத் தேய்ந்தது என்பதே விடை. போலந்தில் 1819இற் பத்திரிகைத் தணிக்கை புகுந்தது. கண்டியில் வெல்லசை முஸ்லிம்களுக்குத் தனி அதிகாரியை நியமித்துத் திசாவையின் ஆட்சியைக் குறைத்தனர்.

இங்கே தொல்காப்பியர் துணைக்கு வருகின்றார். இரத்தற் சொல் மூன்று என்பர் அவர். இழிந்தோன் 'ஈ' என்பான். ஒத்தோன் 'தா' என்பான். உயர்ந்தோன் 'கொடு' என்பான். 1815இன் ஏடுகள் இரண்டும் 'தா' என்னும் தோரணையில் எழுதப்பட்டு, 'ஈ' என்னும் நிலையிற் காக்கப்பட்டன. ஈந்தவன் மனம் மாறினால் முறையிட வேறு மன்றம் இல்லை.

எம் நாட்டிலும் 1957 இரட்டைப் பிள்ளை பெற்றது. 1948இற் சுதந்திரம் வந்தபின்னும் பாதுகாப்பு உடன்படிக்கையால் திருகோணமலைக் கடற்படைத் தளமும் சீனன்குடா விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. 1957இல், ஓர் அரசு மற்றோர் அரசைக் கேட்க, அவை மீண்டன. அதே ஆண்டு பிரதேச சபைகளை வாக்களித்த பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தமோ, 1958 ஏப்பிரலிற் கைவிடப்பட்டது.

ஆகவே, ஓர் உடன்படிக்கையைப் பயிலும் மாணாக்கன் அதில் என்ன எழுதியுள்ளது என்பதோடு நில்லாதிருப்பானாக. மீறப்பட்டால் எவரிடம் முறையிடலாம் என்பதற்கும் அதில் ஒரு வரி உண்டா எனத் தேடுவானாக.