ஓடும் பலகைக்கு நிற்கும் கால்கள்

பிலாட்டீஸ் பயிற்சிக்கூடங்களில் நடுநாயகமாக இருக்கும் ரிஃபார்மர் என்னும் கருவி, பார்வைக்கு ஒற்றைக் கட்டிலைப் போலத் தோன்றினாலும், அதன் பலகை கட்டிலின் பலகையைப் போல ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஏறக்குறைய 8 அடி நீளமுள்ள சட்டத்தின் இரு பக்கத் தண்டவாளங்களின்மேல் சக்கரங்களால் முன்னும் பின்னும் ஓடுகிறது. பலகைக்கு அடியில் பெரும்பாலும் 4 அல்லது 5 ஸ்பிரிங்குகள் அதைச் சட்டத்தின் ஒரு முனையோடு பிணைத்திருப்பதால், அதில் படுத்திருப்பவர் ஃபுட்பார் எனப்படும் குறுக்குக்கம்பியைப் பாதங்களால் உந்தும்போது அவை நீண்டு எதிர்க்கின்றன. உந்துதல் தளர்ந்ததும் பலகையைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. 1883இல் ஜெர்மனியில் பிறந்து, முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்டு, 1926 வாக்கில் நியூயார்க்கில் குடியேறிய ஜோசப் பிலாட்டீஸ் வகுத்த பயிற்சிமுறைக்குரிய கருவி இது. சிறைமுகாமில் நோயாளிகளின் கட்டில்களில் அவர் ஸ்பிரிங்குகளைப் பொருத்தியதே இக்கருவியின் தொடக்கம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இன்றைய ரிஃபார்மர்களில் ஒரு வகை, கால்களே இல்லாமல் தரையை ஒட்டி, ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் அமைவது. இளைஞர்கள் கூட்டமாகப் பயில்வதற்கு அது வசதியானது. ஆனால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவரும் முதியவரும் அவ்வளவு தாழ்வான பலகையில் இறங்கிப் படுப்பதும் எழுவதும் பயிற்சியைவிடக் கடினமாகிவிடும் என்பதால், இயன்முறை மருத்துவர்கள் நாற்காலி உயரத்தையே விரும்புகின்றனர். இதற்காகவே ஓர் அடியை ஒட்டிய உயரமுள்ள கால்கள் தனியுறுப்பாக விற்கப்படுகின்றன. கோவை போன்ற பட்டறை நகரத்தில், இரும்புக் குழாயை அறுத்துத் தகடு வைத்துப் பற்றவைத்தால் முடிந்துபோகும் வேலையாக இது தோன்றக்கூடும். எடையைத் தாங்குவது மட்டுமே கால்களின் கடமையாக இருந்தால் அது சரிதான்.

சிக்கல் எடையில் இல்லை, அசைவில் இருக்கிறது. பயில்பவரும் பலகையும் சேர்ந்து 80 கிலோ என்று கொண்டால், பலகை ஒரு முனையை எட்டித் திசை திரும்பும் கணத்தில் அந்த நிறையை நிறுத்தி மறுபுறம் ஓட்டும் விசை முழுவதும் கால்களின் வழியாகவே தரையைச் சேர வேண்டும். சற்று விரைவான பயிற்சியில் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 2 மீட்டர் அளவில் மாறினாலே, 16 கிலோ எடையைக் கிடைமட்டமாக இழுப்பதற்கு ஒப்பான விசை அங்கே தோன்றுகிறது. அதுவும் ஒருமுறை இப்பக்கம், மறுமுறை அப்பக்கம். காலின் நீளம் கூடக்கூட, அது சட்டத்தோடு சேரும் மூட்டில் விழும் நெம்புவிசையும் அதே விகிதத்தில் கூடும் என்பதால், அரை அடிக் காலில் தெரியாத ஆட்டம் ஒன்றேகால் அடிக் காலில் பளிச்சென்று தெரிந்துவிடும். கொங்கு நாட்டார் இதைத் தறியில் பார்த்திருக்கின்றனர்: பவானி ஜமக்காளம் நெய்யும் குழித்தறி, கம்பங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு நெய்பவரின் கால்களுக்குக் குழியைத் தருகிறது, நாடா பாயும் வேகத்தில் அதிரும் சோமனூர், பல்லடம் விசைத்தறிகளோ கால்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிக்கொள்கின்றன. ரிஃபார்மருக்கு இரண்டுமே வாய்ப்பதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரையில், ரப்பர் பாதத்தை மட்டும் நம்பி அது நிற்க வேண்டியிருக்கிறது. எனவே அதன் கால்களைச் சட்டத்தின் மூலைகளிலேயே அமைப்பதும், ஒரு போல்ட்டோடு விடாமல் தகடு வைத்து இடைவெளி விட்டு இரண்டு போல்ட்டுகளாகவேனும் இறுக்குவதும், நெடுக்குவாட்டில் சாய்வுத் தாங்கி கொடுப்பதும் அலங்காரத்துக்காக அல்ல.

போல்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் அங்குல அளவு மரைகள் இருக்கும். உள்ளூர் ஹார்டுவேர் கடையில் கேட்டவுடன் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு போல்ட். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; எட்டு எம்எம் போல்ட்டை அதன் அருகில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் முதலாவதில் மரைக்கு மரை இடைவெளி ஏறக்குறைய 1.41 மி.மீ., இரண்டாவதில் 1.25 மி.மீ. ஆகையால், எட்டு எம்எம் போல்ட் அங்குல மரைத் துளையில் ஓரிரு சுற்று சிரமமின்றி ஏறி, பிறகு இறுகி நின்றுவிடும். அந்த இறுக்கத்தைப் பொருத்தம் என்று எண்ணி ஸ்பானரை மேலும் அழுத்தினால், எஃகு போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. மென்மையான அலுமினியச் சட்டத்தின் மரைதான் வழித்துக்கொண்டு போகும். லேத்துப் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி எஃகு புஷ் இறக்கிச் சரிசெய்யலாம் என்றாலும், போல்ட்டை முதலில் விரலால் மட்டும் முழுமையாக ஏற்றிப் பார்ப்பது அதைவிட மலிவு.

கடைசி வேலை மட்டம் பார்த்தல். 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து நூற்பு இயந்திரங்களோடு பழகிய ஊர் கோவை. நீண்ட ரிங் ஃபிரேமை நிறுவும் ஆலை ஃபிட்டர்கள் நெடுகிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதன் காரணமே இங்கும் பொருந்துகிறது. நான்கு கால்களில் ஒன்று குட்டையானால் சட்டம் முறுகும், தண்டவாளங்கள் இணைகோடு தவறும், சக்கரங்கள் ஒரு பக்கம் உரசி ஓசை எழுப்பும். பால்கனியிலும் மொட்டைமாடிக் கூடத்திலும் மழைநீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள் என்பதால், கால்களின் அளவு சரியாக இருந்தாலும் தரை ஏமாற்றிவிடும். அதற்காகவே திருகி உயர்த்தக்கூடிய பாதங்கள் உள்ளன. ரசமட்டம் கைவசம் இல்லாதவர், ஆள் ஏறாத நிலையில் எல்லா ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, பலகையைச் சட்டத்தின் நடுவில் நிறுத்திக் கையை எடுத்துப் பார்க்கலாம். அது தானாக எந்தப் பக்கம் உருண்டு போகிறதோ அந்தப் பக்கத்துப் பாதங்களைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று உயர்த்தி, விட்ட இடத்திலேயே பலகை நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.