பின் சக்கரத்தில் ஆயில் கசிகிறதா? சீலை மட்டும் மாற்றினால் போதாது

காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி போவதும், உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் விளைகிற நெல் மில்லுக்குப் போவதும் இன்றைக்கு லோடு வண்டியில்தான். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு ‘குட்டி யானை’ இல்லாத ஊரே இல்லை என்று ஆகிவிட்டது. அன்றைக்கு மாட்டு வண்டி அச்சுக்கு வண்டி மை போட்டோம். இன்றைக்கு அந்த வேலையைப் பின் ஆக்சில் கூண்டுக்குள் இருக்கிற கியர் ஆயில் செய்கிறது. அந்த ஆயில் சக்கரத்துப் பக்கம் வெளியே வராமல் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஆக்சில் சீல்.

சீல் கசிந்தால் நம்மில் பலர் “ரெண்டு சொட்டுதானே, அறுவடை முடியட்டும் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் சீலுக்கு அடுத்தே பிரேக் டிரம் இருக்கிறது. கசிகிற ஆயில் நேராக பிரேக் லைனிங்கில் இறங்கும். ஆயில் குடித்த லைனிங் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் பிடிக்காமல் போனால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். பின்னால் மூட்டையும் மூட்டை மேல் ஆளும் இருக்கிற வண்டிக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்னொரு பக்கம், கூண்டில் ஆயில் குறைந்தால் கிரவுன், பினியன் பற்கள் சூடேறித் தேயும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

முதலில் எது கசிகிறது?

பின் சக்கரத்தின் உள்பக்கம், டயர் ஓரம், பிரேக் தட்டு ஆகியவற்றைப் பாருங்கள். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும். பிரேக் ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்து இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கியர் ஆயில் மிதக்கும், சாதாரண பிரேக் ஆயில் கலந்துவிடும். கலந்தால் கோளாறு வீல் சிலிண்டரில், ஆக்சில் சீலில் இல்லை.

ஹப்பின் வெளிப்புறம், நடுவில் வட்டமாக இருக்கிற ஆக்சில் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் ஈரமா? அப்படியானால் பேக்கிங் போயிருக்கலாம், அல்லது போல்ட் தளர்ந்திருக்கலாம். அதற்காக டிரம்மைக் கழற்ற வேண்டியதில்லை.

சீல் ஏன் போகிறது?

பூச்சி வந்தால் மருந்தைத் தேடாமல் மண்ணைப் பார்க்கிறோம் இல்லையா, இங்கேயும் அதே கணக்குதான். காரணத்தை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரமே கசியும். நான்கு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பிரீதர். ஆக்சில் கூண்டின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. ஓடும்போது கூண்டு சூடாகி உள்ளே காற்று விரியும். அது வெளியேற வழி இந்தத் துவாரம்தான். வயல் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்போரம் ஓடும் வண்டிகளுக்கு இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இரண்டு, அதிக ஆயில். வண்டி சமதரையில் நிற்கும்போது, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் ஆயில் இருக்க வேண்டும். கூட ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தப்பு.

மூன்று, பேரிங். தேய்ந்த பேரிங்கில் ஆக்சில் தண்டோ ஹப்போ ஆடும். ஆடினால் எந்தச் சீலும் நிற்காது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் பேரிங் சீக்கிரம் தேயும்.

நான்கு, சீல் உரசும் இடம். அங்கே நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால், லேத் பட்டறையில் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது அந்த உறுப்பை மாற்ற வேண்டும்.

கழற்றிய ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கினால் கூண்டு குளிர்ந்து வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அந்த ஆயிலை முழுசாக மாற்றிவிடுங்கள்.

வேலை நடக்கும்போது

மெக்கானிக் செய்தாலும் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முன் சக்கரங்களுக்கு அண்டைக் கல் வைத்தாரா? ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்தாரா? புதுச் சீலில் சுருள் கம்பி இருக்கிற உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். சுத்தியால் நேரடியாக அடித்தால் சீல் கோணலாகிவிடும். ஆக்சில் தண்டின் பல் முனை சீல் உதட்டைக் கீறாமல் நிதானமாக நுழைக்க வேண்டும்.

ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ, நெருப்பில் காட்டியோ திரும்பப் போடுவது சில இடங்களில் வழக்கம். வேண்டாம். ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வெளியே வரும். புது லைனிங் போடுங்கள், இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து. டிரம்மில் இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். சில லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

முடிந்ததும் பாரம் இல்லாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

நமக்கு இதுதான் பெரிய கேள்வி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஏரிக்கு ஆள் போட்டுப் பார்த்துக்கொண்ட சீமை இது. அந்த ஏரிக்குப் போகிற வாய்க்காலில் கழிவு ஆயிலை ஊற்றலாமா? கரையானுக்கு ஊற்றுவது, வேலிக் கம்புக்குப் பூசுவது இதெல்லாமும் மண்ணில்தான் போய்ச் சேரும். மண்ணில் ஊறிய ஆயில் காற்றையும் நீரையும் தடுக்கும், மண்புழுவை விரட்டும்.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்புகிற பட்டறையில் கொடுங்கள். தரையில் சிந்தினால் உமி தூவி உறிஞ்சவிட்டு, தனியாக மூட்டை கட்டுங்கள். அந்த உமி எருக்குழிக்கோ மாட்டுக் கொட்டகைக்கோ போகக் கூடாது. விளைபொருள் ஏற்றும் தளத்தில் ஆயில் கறை இருந்தால், நஞ்சில்லாமல் விளைவித்த அரிசியும் கெட்டுத்தான் வாங்குகிறவர் கைக்குப் போகும்.

மாதம் ஒரு தடவை குனிந்து பின் சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள், பிரீதரைத் துடையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை. ஐந்து நிமிஷ வேலைதான்.