தீயணைத்த குழாய் தோளில் தொங்கும் பையாகிறது

எரிகின்ற வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டு சேர்க்கும் தீயணைப்புக் குழாயை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பழுதானபின் அக்குழாய் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? 2005ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கிரெஸ் வெஸ்லிங் என்னும் கனடா நாட்டுப் பெண்மணி கேட்டார். ஒட்டுப்போட்டும் சீராகாதவை, பணிக்காலம் முடிந்தவை யாவும் குப்பையோடு குப்பையாக மண்ணில் புதைக்கப்படுகின்றன என்பதே அவருக்குக் கிடைத்த விடை. உயிர்களைக் காத்த பொருளை அவ்வாறு புதைத்துவிட அவர் மனம் இசையவில்லை. ‘எல்விஸ் அண்டு கிரெஸ்’ என்னும் நிறுவனம் இப்படித்தான் பிறந்தது. எல்விஸ் என்பது அவருடைய கூட்டாளியின் செல்லப்பெயர்.

வணிகர் எவரும் விற்கவேண்டிய பண்டத்தை முதலில் தீர்மானித்து, பிறகே அதற்குரிய மூலப்பொருளைத் தேடுவர். இங்கோ மூலப்பொருள் முதலில் வந்து நின்றது. அதைக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை! நைலான் நூலால் நெய்து நைட்ரைல் ரப்பர் ஏற்றிய குழாய் அது. கத்திக்கு எளிதில் மசியாது. புகைக்கரியும் எண்ணெய்ப்பிசுக்கும் அதில் ஊறிக்கிடக்கும். தேய்த்துக் கழுவுவதே பெரும்பாடு. அகலமும் நம் விருப்பப்படி அமைவதன்று. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை நீளவாக்கில் பிளந்து விரித்தால் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் அகலமே கிடைக்கும். ஆகவே பையின் வடிவம் குழாய்க்கு அடங்கியே அமையவேண்டும். அவர்கள் முதலில் இடுப்பு வார்களைச் செய்ததில் வியப்பில்லை. நீண்டு ஒடுங்கிய பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான பண்டம் வேறேது? பைகளும் பணப்பைகளும் பின்னரே வந்தன. பைகளின் உள்துணிக்குப் பழைய பாராசூட் துணியும் பயன்பட்டது.

“குப்பையில் கிடைத்த பொருள்தானே, விலை மலிவாக இருக்கலாகாதா?” என்று கேட்போர் உண்டு. நம் கடைத்தெருவிலும் இக்கேள்வி எழும். பொருள் இலவசமாகவே வந்தாலும், அதைக் கழுவி, வெட்டி, தைக்கும் கைகள் இலவசமல்ல. புதுத் தோலில் செய்வதைவிட இதில் உழைப்பு கூடுதலே. விலையைக் குறைக்கப் புகுந்தால் முதலில் குறைவது கூலிதான். அப்புறம் அறவழித் தொழில் என்ற பெயர் அட்டையில் மட்டுமே மிஞ்சும். இப்படி ஒரு தொழிலைத் தொடங்க எண்ணும் நம் இளைஞரும் மகளிர் குழுவினரும், தைக்கத் தொடங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். அதே கழிவு மாதந்தோறும் தடையின்றிக் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளட்டும். ஒருமுறை அகப்பட்ட அழகிய துணிமூட்டையை நம்பித் தொழில் நடத்த முடியாது.

இலண்டன் நிறுவனத்தாருக்கு இவ்விரண்டும் கைகூடின. நகரின் பழுதான குழாய்கள் சில ஆண்டுகளிலேயே மண்ணுக்குப் போகாமல் இவர்கள் பட்டறைக்கு வரலாயின. குழாய்ப் பொருள்களில் கிடைக்கும் இலாபத்தில் சரிபாதியைத் தீயணைப்பு வீரருக்கான அறநிறுவனத்துக்கு அளிப்பதெனவும் உறுதி செய்துகொண்டனர். பொருளைத் தந்தவர்களுக்கே அதன் ஊதியம் திரும்பிச் செல்கிறது!

2017ஆம் ஆண்டில் பர்பரி அறக்கட்டளையுடன் ஐந்தாண்டு உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. வெட்டி எஞ்சிய தோல் துண்டுகளில் குறைந்தது 120 டன்னை மீட்பது அதன் இலக்கு. துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. சில உள்ளங்கையளவே இருக்கும். அவற்றைக் குறிப்பிட்ட சில வடிவங்களாக வெட்டி, ஒன்றோடொன்று கையால் கோத்துப் பெருந்தோலாக்கினர். வேண்டும்போது பிரித்து, வேறொரு பொருளாக மீண்டும் கோக்கவும் அத்துண்டுகள் இடந்தருகின்றன.